சோற்றுக்குக் கொடுத்த காசாலா திறைசேரி ஓட்டையானது?

முத்தையன்கட்டான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நேற்று ஒட்டுசுட்டான் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "சும்மா அரிசி, சும்மா உரம், சும்மா காசு எண்டு குடுத்துக் குடுத்துத்தான் இந்த நாடு வங்குரோத்தானது." கடையில் இருந்த நாலு பேரும் தலையாட்டினோம். நாலு பேருமே உரமானியம் எடுக்கிறவர்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கதை மண்டைக்குள் நின்றது. என் பாட்டைச் சொல்கிறேன். காலபோகத்தில் (பெரும்போகத்தில்) வாய்க்கால் தண்ணீரில் மூன்று ஏக்கர் செய்கிறேன். மாசியில் வெட்டு. வெட்டு மெசின்காரருக்கு, மருந்துக்கடைக்கு, நகை அடைவு வைத்த இடத்துக்கு என்று எல்லாருக்கும் ஒரே கிழமையில் காசு வேண்டும். காயவிட்டுக் கொடுக்க நேரமில்லை. வயற்கரையில் நிற்கிற லொறிக்கு, அவர்கள் சொல்கிற விலைக்கு ஈர நெல்லை ஏற்றி விடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் அதே நெல் அரிசியாகித் தென்பகுதி ஆலைப் பையில் எங்கள் கடைக்கே திரும்பி வருகிறது. மனைவி கிலோ 230 கொடுத்து வாங்குகிறாள்.

நான் விற்கும்போது நெல் விலை ஏற வேண்டும் என்று நேர்த்தி வைக்கிறேன். அவள் வாங்கும்போது அரிசி விலை இறங்க வேண்டும் என்று நேர்த்தி வைக்கிறாள். வற்றாப்பளை அம்மன் ஒரே வீட்டிலிருந்து இரண்டு விதமாக மன்றாட்டுக் கேட்டால் என்ன செய்வாள், பாவம்.

கேள்விக்கு வருகிறேன். மானியம் உண்மையிலேயே இவ்வளவு பெரிய ஓட்டையா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரசியல் சண்டை வேண்டாம்.

கணக்குப்பெட்டி

அண்ணை, நான் வவுனியாவில் கணக்கு வேலை பார்க்கிறவன். தேத்தண்ணிக்கடைக்காரர் சொன்னது முழுப் பிழை இல்லை, முழு உண்மையும் இல்லை. இலக்கத்தைப் பார்ப்போம்.

2025 வரவு செலவுத் திட்டத்தில் எதிர்பார்த்த அரச வருமானம் ஏறத்தாழ 4,990 பில்லியன் ரூபா. செலவு 7,190 பில்லியன். துண்டு விழுவது 2,200 பில்லியன். செலவுக்குள் வட்டி மட்டும் 2,950 பில்லியன். வட்டியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வரவுதான் 750 பில்லியன் கூட நிற்கிறது. சர்வதேச நாணய நிதியம் "முதன்மை மிகை" என்று கேட்பது இதைத்தான். நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.3 சதவீதம்.

வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் காசு கொடுக்கிற அஸ்வெசுமவுக்கு ஒதுக்கியது 232.5 பில்லியன். நெல் கொள்வனவுக்கு 5 பில்லியன்.

முத்தையன்கட்டான்

தம்பி, பொறுங்கோ. வட்டி 2,950 என்றால் ஒரு நாளைக்கு 8 பில்லியன் வருகிறது. கல்குலேட்டரில் இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டேன்.

அப்ப முழு நாட்டின் நெல்லையும் தாங்கிப் பிடிக்க வருடம் முழுக்க வைத்த காசு, வட்டி கட்டினால் 15 மணித்தியாலத்துக்குக் காணும். காலையில் ஐந்து மணிக்கு வயலுக்குப் போய் இரவு எட்டு மணிக்கு நான் வீடு வருவதற்குள் முடிந்துவிடும். இதைத்தானா ஓட்டை என்கிறார்கள்?

கணக்குப்பெட்டி

அதில் ஒரு திருத்தம்: நெல் வாங்கும் காசு முழுவதும் மானியம் இல்லை. வாங்குகிற நெல் சந்தைப்படுத்தும் சபை அதைத் திரும்ப விற்கிறது. நட்டப்படுகிற பங்குதான் மானியம். அந்த அளவில் உங்கள் பக்கம் இன்னும் பலப்படுகிறது, அதையும் நானே சொல்லி விடுகிறேன்.

ஆனால் அண்ணை, வட்டி வானத்திலிருந்து விழவில்லை. பழைய பற்றாக்குறைகள்தான் கடனாகி இன்றைக்கு வட்டி கேட்கின்றன. அந்தப் பழைய பற்றாக்குறைகளுக்குள் சோறும் இருந்தது. 1970களின் நடுவில் உணவு மானியம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 சதவீதமளவு. இன்று அஸ்வெசும முழுவதையும் சேர்த்தாலும் 1 சதவீதம் வராது. அந்தக் காலத்து அரசாங்கங்கள் சோற்றில் கைவைக்கப் பயந்து எத்தனை வேலையைத் தள்ளிப்போட்டன என்பது வரலாறு.

பழைய சங்கக்கடை

பிள்ளைகள், நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் 1976இல் எழுதுவினைஞராகச் சேர்ந்து முகாமையாளராக ஓய்வு பெற்றவன். தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பங்கீட்டு அரிசி 1942இல், யுத்த காலத்தில் தொடங்கியது. யுத்தம் முடிந்தும் நிறுத்த முடியவில்லை. 1953இல் கொரிய யுத்தத்தால் உலகச் சந்தையில் அரிசி ஏறிவிட்டது. அப்போது நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன. ஒரு கொத்து (அரிசி அளக்கிற அளவு) 25 சதத்துக்குக் கொடுத்த அரிசியை 70 சதமாக்கினார். பள்ளிக்கூடப் பகல் உணவையும் நிறுத்தினார்கள். ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால். துப்பாக்கிச்சூடு, உயிரிழப்பு. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பின்னர் விலையைக் குறைத்தார்கள். 1962இல் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க கூப்பன் அரிசியில் அரைக் கொத்துக் குறைக்கப் பார்த்து நிதி அமைச்சை இழந்தார். 1966 கடைசியில் டட்லியே மறுபடி வந்து இரண்டு கொத்தை ஒன்றாக்கி, அந்த ஒன்றை இலவசமாகத் தந்தார். 1970 தேர்தலில் மற்றக் கொத்தைத் திருப்பித் தருவோம், சந்திரனிலிருந்தாவது கொண்டுவந்து தருவோம் என்ற பேச்சில் ஆட்சி மாறியது. கொத்து வந்தது, ஆனால் காசுக்கு.

ஆக, கணக்குப்பெட்டித் தம்பி சொல்கிற பயம் உண்மைதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. நாளைக்கு மிச்சத்தை எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

குளிர்தேசத்தான்

கனடாவில் இருந்து. இங்கே உணவு வங்கி வாசலில் வரிசை நிற்கிறது. அதில் எங்கள் ஆட்களும் உண்டு. ஊருக்குக் காசு அனுப்புகிறவன் அங்கே வந்து ரின் மீன் எடுக்கிறான். சங்கக்கடை ஐயா தொடருங்கள்.

பரந்தன் பாமா

நெல் விற்கிறவர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வன்னியில் எல்லோருக்கும் மூன்று ஏக்கர் இருக்கிறதா? எங்கள் பக்கம் கூலிக்குப் போகிற பெண்கள்தான் அதிகம். கணவனை இழந்த குடும்பங்கள். அவர்கள் நெல் விலை ஏற நேர்த்தி வைக்க மாட்டார்கள். அரிசியைக் கிலோக் கணக்கில்கூட இல்லை, அரைக் கிலோவாக வாங்குகிறவர்கள்.

அஸ்வெசும பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் தொடங்கியபோது நாலு வகை: 2,500, 5,000, 8,500, 15,000. 2025 தொடக்கத்தில் வறியவருக்கு 10,000, மிக வறியவருக்கு 17,500 ஆக்கினார்கள். 22 சுட்டிகளைக் கேட்டுப் புள்ளி போட்டுத்தான் தெரிவு. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, வீட்டில் மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்று எழுதியதால் கீழே போய்விட்டார். அந்த மோட்டார் சைக்கிள் அவருடைய இறந்துபோன தம்பியுடையது. இயந்திரம் இல்லை. கோழி அடைகாக்கிறது அதற்குக் கீழே. மேன்முறையீட்டுக்கு இரண்டு தரம் பஸ் ஏறினார். அந்த இரண்டு நாளும் கூலி போச்சு.

கணக்குப்பெட்டி அண்ணா, உங்கள் 232.5 பில்லியனுக்குள் அந்தக் கோழி எங்கே?

கணக்குப்பெட்டி

பாமா, அது தெரிவில் வருகிற பிழை. இருக்கிற காசு குறைவு என்றால் யாருக்கு என்று தெரிந்தெடுக்கத்தான் வேண்டும். எல்லாருக்கும் கொடுத்தால் உங்கள் அக்காவுக்குக் கொஞ்சம்தான் வரும், கொழும்பில் மாடி வீட்டுக்காரருக்கும் அதே தொகை போகும்.

மண்டபம் திரும்பி

அப்படி இல்லை தம்பி. நான் 1990இல் படகேறி இந்தியா போய் முகாமில் இருந்து, சண்டை முடிந்த பிறகு வந்தவன். அகதி அரிசி கிலோ 57 பைசா. அது எங்களுக்கு மட்டும். ஆனால் தமிழ்நாட்டில் ரேஷன் கடை குடும்ப அட்டை உள்ள எல்லாருக்கும் திறந்த கடை. 2011 ஜூனிலிருந்து அரிசி விலையே இல்லை, அப்போது அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை. ஏழையா பணக்காரனா என்று யாரும் கேட்பதில்லை.

அப்ப என்ன நடந்தது? முகாமுக்குப் பக்கத்தில் லொறி வைத்திருந்த முதலாளிக்கும் அட்டை இருந்தது. அவர் வீட்டு ஆட்கள் ஒருநாளும் வரிசையில் நிற்கவில்லை. அரிசியின் வாசனையும் வரிசையும் அவரைத் தானாகவே கழித்துவிட்டன. 22 கேள்வி கேட்கத் தேவையில்லை. வேண்டாதவன் வரமாட்டான். (அட்டையை வேறு ஆளிடம் கொடுத்து எடுப்பித்து மாட்டுக்குப் போட்டவர்களும் உண்டு, பொய் சொல்லக்கூடாது.)

கணக்குப்பெட்டி

இந்தியாவை இழுத்ததற்கு நன்றி ஐயா, அங்கே எனக்கு வேண்டிய உதாரணம் ஒன்று இருக்கிறது. மத்திய அரசு உணவு மானியத்துக்கு முழுக் காசும் கொடுக்காமல், இந்திய உணவுக் கழகத்தைச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கவிட்டு வருடக்கணக்கில் ஓட்டியது. மானியம் போய்ச் சேர்ந்தது, பற்றாக்குறையில் மட்டும் தெரியவில்லை. 2021 பெப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் அந்தக் கடனைத் தீர்க்கிற காசையும் சேர்த்துக் காட்டினார்கள். கொரோனாக் காலச் செலவும் சேர, 1.15 லட்சம் கோடி என்று போட்டிருந்த 2020-21 உணவு மானியம் 4.22 லட்சம் கோடி ஆனது.

எங்கள் நாட்டிலும் இந்தப் பழக்கம் இருந்தது. எரிபொருள், மின்சாரம் இரண்டிலும் விலையைப் பிடித்து வைத்த நட்டம் அரச வங்கிகளின் புத்தகத்துக்குள் போய்ப் படுத்தது. நான் மானியத்துக்கு எதிரி இல்லை. எழுதிக் கொடுங்கள் என்கிறேன். ஒளித்துக் கொடுத்தால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, வெட்டும்போதும் யாரை வெட்டுகிறோம் என்று தெரியாது.

பழைய சங்கக்கடை

நேற்று விட்ட இடத்திலிருந்து.

1977இல் ஜே. ஆர். ஆட்சிக்கு வந்தார். 1953இல் சூடு கண்டவர் அல்லவா, இந்த முறை வேறு வழி எடுத்தார். முதலில் பங்கீட்டை வருமானம் குறைந்த பாதிப்பேருக்கு மட்டும் என்று ஆக்கினார். 1979 செப்டெம்பரில் அரிசியையே நிறுத்திவிட்டு உணவு முத்திரை கொடுத்தார். குடும்ப வருமானம் மாதம் 300 ரூபாவுக்குக் கீழே இருக்க வேண்டும். 12 வயதுக்கு மேற்பட்டவருக்கு மாதம் 15 ரூபா. மண்ணெண்ணெய்க்கும் தனி முத்திரை. நான் அந்த முத்திரைகளைக் கட்டுக் கட்டாக எண்ணி ஒட்டியிருக்கிறேன்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். 25 சதத்தை 70 ஆக்கினால் ஹர்த்தால் வரும். 15 ரூபாவை 15 ரூபாவாகவே விட்டால் ஒன்றும் வராது. யாரும் எதையும் வெட்டவில்லையே! முதல் வருடம் முத்திரையோடு வந்த மனிசி அரிசி, மா, சீனி, கொஞ்சம் பருப்பு என்று உமல் நிறையக் கொண்டுபோனாள். ஐந்து வருடத்துக்குள் முத்திரையின் பெறுமதி பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அதே மனிசி அதே கடதாசியை நீட்டுகிறாள், பருப்பு இல்லை, பிறகு சீனியும் பாதி. என்னைத்தான் கள்ளன் என்று ஏசினாள். வெளிக்கிட்டுப் போய்ப் பாராளுமன்றத்தை ஏச அவளுக்கு வழியில்லை. உற்பத்தியில் 5 சதவீதமாக இருந்த உணவு மானியம் 1980களின் நடுவில் 1 சதவீதத்தை ஒட்டி வந்தது இப்படித்தான்.

சரி, அப்போது பற்றாக்குறை குறைந்ததா? கணக்குப்பெட்டித் தம்பி பதில் சொல்ல வேண்டும்.

கணக்குப்பெட்டி

இல்லை ஐயா. கூடியது. 1980இல் பற்றாக்குறை உற்பத்தியில் 20 சதவீதத்தை ஒட்டிப் போனது. துரித மகாவலித் திட்டமும் மற்றப் பெரிய கட்டுமானங்களும் காரணம்.

ஒப்புக்கொள்கிறேன். சோற்றில் மிச்சம் பிடித்தது அணைக்கட்டில் போனது. ஆனால் அணைக்கட்டு ஐம்பது வருடம் நெல் விளைவிக்கும் என்று அவர்கள் வாதாடியிருப்பார்கள்.

முத்தையன்கட்டான்

விளைவித்தது தம்பி, அதில் சந்தேகமில்லை. அந்த மகாவலி நெல்லோடுதான் மாசி மாதம் என் மூன்று ஏக்கர் போட்டி போடுகிறது. 😄

பழைய சங்கக்கடை

இன்னொன்று. 1990களில் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உலருணவு நிவாரணம் சங்கத்தால்தான் கொடுத்தோம். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா பெறுமதி. அந்த 1,260 வருடக்கணக்கில் அசையவில்லை. பொருளாதாரத் தடையால் வன்னியில் சீனியும் மண்ணெண்ணெயும் தென்பகுதியை விடப் பல மடங்கு விலை. கொழும்பில் இருந்து பார்க்கிறவருக்கு 1,260 என்றால் 1,260தான். மல்லாவியில் நின்று பார்க்கிறவருக்கு அது எத்தனை நாள் சோறு என்று வேறு கணக்கு.

அஸ்வெசுமவில் 17,500 என்கிறார்கள். நல்லது. அந்த 17,500 விலைவாசியோடு சேர்ந்து ஏறும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். மற்றதெல்லாம் எனக்கு இரண்டாவது.

பரந்தன் பாமா

ஐயா சொன்ன மனிசி என் அம்மம்மாவாக இருக்கலாம். 🙏 அவவும் சங்கக்கடைக்காரரை ஏசுகிறவ.

கணக்குப்பெட்டி

ஐயா சொன்னதைத் திருப்பிப் பிடிக்கிறேன். தொகை அப்படியே இருக்க விலை ஏன் ஏறுகிறது?

2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக்கினார்கள். வருடம் 12 மில்லியன் ரூபா வியாபாரம் செய்தால் வரி கட்ட வேண்டும் என்றிருந்ததை 300 மில்லியன் ஆக்கினார்கள். வருமானம் விழுந்தது, பற்றாக்குறை 2021இல் உற்பத்தியில் 11 சதவீதத்தையும் தாண்டியது. வெளியில் கடன் தர ஆளில்லை. மத்திய வங்கி காசு அச்சடித்துக் கொடுத்தது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று அறிவித்தோம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம்.

94.9 என்றால் போன வருடம் இரண்டு கிலோ வாங்கிய காசுக்கு இந்த வருடம் ஒன்று. கூலிக்காரப் பெண்ணின் சட்டியில் பாதிச் சோற்றை அள்ளியது எந்த மானிய வெட்டும் இல்லை. பற்றாக்குறைதான். அதனால்தான் "ஏழைக்குக் கொடுங்கள், காசு எங்கிருந்தாவது வரும்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம் வருகிறது. அந்த "எங்கிருந்தாவது" அவளுடைய சட்டிதான்.

மண்டபம் திரும்பி

சரி தம்பி, ஆனால் அந்த வரியைக் குறைத்தது யாருக்கு? 12 மில்லியனுக்கும் 300 மில்லியனுக்கும் இடையில் வியாபாரம் செய்கிறவர் துணுக்காய்ச் சந்தையில் எத்தனை பேர்? அதுவும் ஒரு மானியம்தானே. அதற்குக் கூப்பன் இல்லை, வரிசை இல்லை, 22 கேள்வி இல்லை.

கணக்குப்பெட்டி

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை.

முத்தையன்கட்டான்

பணவீக்கம் மட்டும் இல்லை, 2021 மே மாதம் இரசாயனப் பசளையைத் தடை செய்ததையும் சேருங்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அந்தக் காலபோகப் பயிர் அப்போதே மஞ்சள். உற்பத்தி விழுந்து, நெல் விளைகிற நாடு டொலர் இல்லாத நேரத்தில் அரிசி இறக்குமதி செய்தது. உரத்துக்கு மிச்சம் பிடித்த டொலர் அரிசிக்குப் போனது.

இப்போது உரமானியம் ஹெக்டயருக்கு 25,000. ஏக்கருக்கு 10,000 என்று வையுங்கள். எனக்கு ஏக்கருக்கு 1,600 கிலோ நெல் வந்தால், கிலோவுக்கு 6 ரூபா சில்லறைதான் அரசாங்கம் தருகிறது. விதைத்த பிறகு காசு வந்தால் அது கடன்காரருக்குப் போகும், வயலுக்குப் போகாது. தொகையை விட நாள்தான் முக்கியம்.

கணக்குப்பெட்டி

அண்ணைக்கு இன்னொரு மானியமும் கிடைக்கிறது, அது பட்ஜெட்டில் செலவாகத் தெரியாது. இறக்குமதி அரிசிக்குக் கிலோவுக்கு 65 ரூபா வரி. அதனால் வெளி அரிசி மலிவாக உள்ளே வராது. உங்கள் நெல்லுக்கு விலை நிற்கிறது. திறைசேரிக்கு ஒரு சதமும் செலவில்லை, வரவுதான். கொடுக்கிறது பாமாவின் அரைக் கிலோப் பெண்கள்.

பரந்தன் பாமா

இதை நான் யோசித்ததே இல்லை. அப்ப மானியம் வாங்குகிறவள் என்று பெயர் எடுக்கிறவளே வேறு ஒருவருக்கு மானியம் கொடுக்கிறாள்?

முத்தையன்கட்டான்

பாமா தங்கச்சி, அந்த 65 ரூபா என் கைக்கு வந்தால் நானே வந்து திருப்பித் தருவேன். 2025 பெப்ரவரியில் நாட்டரிசி வகை நெல்லுக்குக் கிலோ உத்தரவாத விலை 120 என்று அறிவித்தார்கள். ஈரப்பதன் 14 சதவீதம் இருக்க வேண்டும். ஒரு களஞ்சியத்தில் பத்து மூடையைக் கொண்டுபோய் இறக்கினேன். ஈரம் கூட என்று திருப்பிவிட்டார்கள். ஏற்று கூலி, இறக்கு கூலி, மறுபடி ஏற்று கூலி. வாசலுக்கு வெளியே நின்ற லொறி ஈரம் பார்க்கவே இல்லை, 120ம் தரவில்லை.

100 கிலோ நெல் குத்தினால் 65 கிலோ அரிசி. 120க்கு வாங்கினாலே அரிசிக்கு நெல் விலை மட்டும் 185 வருகிறது. கட்டுப்பாட்டு விலை 230. ஆலைக்காரர் 120 கொடுத்தால் இடைவெளி 45 ரூபா. 100க்கு வாங்கினால் 76. களஞ்சியம் இருக்கிறவர், காயவைக்கிற இயந்திரம் இருக்கிறவர், மாசியிலிருந்து கார்த்திகை வரை பொறுத்திருக்கக்கூடியவர், அவருக்குத்தான் அந்த 65 ரூபா வரி. எனக்கு வேண்டியது 120 என்ற அறிவிப்பு இல்லை. எங்கள் கமக்கார அமைப்புக்கு ஒரு காயவைக்கும் தளமும், நெல்லை வைத்து எடுக்கிற நகையடைவு மாதிரி ஒரு கடனும். ரோட்டில் நெல் காயவிட்டால் பொலிஸ் ஏசுகிறது, விடாவிட்டால் களஞ்சியம் ஏசுகிறது.

கணக்குப்பெட்டி

தளத்துக்குக் காசு ஒரு தரம்தான், வருடா வருடம் இல்லை. பற்றாக்குறையில் அது ஒரு தூசு. இதை எழுதிக் கொடுங்கள் அண்ணை, வாசகம் நான் திருத்தித் தருகிறேன்.

குளிர்தேசத்தான்

நெல் களஞ்சியம் இல்லை என்று 2015இல் மத்தளை விமான நிலையத்தில் நெல் வைத்த நாடு. விமானம் இல்லாத விமான நிலையம் கடைசியில் ஒரு வேலைக்கு உதவியது. அதைக் கட்டிய கடனுக்கும் வட்டி அந்த 2,950க்குள்தானே?

முத்தையன்கட்டான்

😄 இந்த முறை ஒரு முடிவெடுத்திருக்கிறோம். பன்னிரண்டு மூடை விற்கிறதில்லை. காயவிட்டு வீட்டிலேயே வைத்து, மாதம் ஒரு மூடை குத்துவது. மனைவியின் யோசனை. நகை இன்னும் ஆறு மாதம் அடைவில் கிடக்கும், அதையும் அவளே சொன்னாள்.

சங்கக்கடை ஐயா, அந்த முத்திரைகளில் ஒன்றாவது கைவசம் இருக்கிறதா? இருந்தால் படம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

பழைய சங்கக்கடை

முத்திரை இல்லை தம்பி. கூப்பன் புத்தகங்கள், சங்கத்து லெட்ஜர், என் சேவைச் சான்றிதழ், எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, சண்டையின் கடைசி மாதங்களில் மாத்தளன் வரை கொண்டுபோனேன். அதற்கு அங்கால் பெட்டி வரவில்லை. பிறகு இருந்த மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தந்த நிவாரண அட்டை ஒன்று இருக்கிறது. அரிசி, மா, பருப்பு, சீனி என்று கட்டம் போட்டு, தந்த நாளெல்லாம் அடையாளம் போட்டது. மகன் ஞாயிற்றுக்கிழமை வருவான், படம் எடுத்துப் போடச் சொல்கிறேன்.